விரிசலில் கட்டிய பட்டிழை

எங்கள் தெருவில் பூமி ஆடிய காலையில், ஆடுவது பூமி என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு நின்றோம்.

அது அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு என்றால் காலையில் தெரு நடுவே பாவு நீட்டியிருக்கும். சேலையில் நீளவாக்கில் ஓடும் பட்டிழைகள் அத்தனையும் சேர்ந்ததுதான் பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெருவில் நீளக் கட்டி, குச்சி கொடுத்துத் தாங்கி, கஞ்சி தெளித்து, சிக்கெடுத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுப்பார்கள். அன்று எங்கள் வீட்டுப் பாவு. கல்யாணச் சேலைக்கானது, அரக்கு நிறம். ஒரு முனையில் என் வீட்டுக்காரர், மறுமுனையில் எதிர்வீட்டுப் பெரியவர், நடுவில் குச்சியைப் பிடித்துக்கொண்டு நான். எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

திடீரென்று கையிலிருந்த குச்சி கடகடவென்றது. பாவு முழுக்க அலை அலையாக ஓடியது.

“யாருப்பா ஆட்றது? கொஞ்சம் சும்மா நில்லேன்,” என்று பெரியவர் அந்த முனையிலிருந்து குரல் கொடுத்தார்.

“நீங்கதான் ஆட்டிக்கினு இருக்கிறீங்க. நான் புடிச்சது புடிச்சபடி நிக்கிறேன்,” என்றார் இவர்.

எனக்கோ உள்ளங்கால் கூசியது, தலை கிறுகிறுத்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு வருகிற மயக்கம் என்று நினைத்து, குச்சியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவர்கள் இரண்டு பேரும் நீயா நானா என்று பேசி முடிப்பதற்குள் எதிர்வீட்டில் பித்தளைக் குடங்கள் உருண்டன, கூரை ஓடு ஒன்று சரிந்து வாசலில் விழுந்து உடைந்தது. பெரியவரின் மருமகள் ஈரக் கையோடு வெளியே ஓடிவந்து, “வூடே ஆடுது, நீங்க இன்னா பண்ணிக்கினு இருக்கிறீங்க?” என்றாள். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உறைத்த பிறகும் ஒருவரும் கையை விடவில்லை. விட்டால் அத்தனை இழையும் சிக்கிக்கொள்ளுமே. மற்ற ஊர்களில் பூமி ஆடினால் ஜனங்கள் ஓடுவார்களாம். நாங்கள் பட்டைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஆட்டம் அடங்கியதும் பெரியவர், “சிக்கு ஒண்ணும் உழலியே?” என்றுதான் முதலில் கேட்டார்.

பாவைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு இவர் முன்னால் போக, நான் பின்னால் போனேன். வாசற்படியிலேயே இவர் நின்றுவிட்டார். எங்களுடையது குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்ய வேண்டும். நடுவில் அவர், அவருக்கு வலது பக்கம் நான். அந்தப் பக்கத்துச் சேலைக் கரைக்கு, ஊடிழை சுற்றிய நாடாவைத் தள்ளுவது என் வேலை. நான் உட்காருகிற பக்கத்துக் குழிச்சுவர் அப்படியே சரிந்து உள்ளே விழுந்திருந்தது. கறுப்புக் களிமண், ஈரம் சொட்டச் சொட்ட. அதில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள்.

வீட்டுக்குள் நத்தை எங்கிருந்து வந்தது என்று நான் விழித்தேன். பின்னால் வந்த பெரியவர் ஒரு ஓட்டை எடுத்து மண்ணைத் துடைத்துப் பார்த்தார்.

“இந்த எடம் பூரா குளம்பா. எங்க அப்பா காலத்துல தூத்து மனை போட்டாங்க. எங்க பக்கம் கரை, உங்க பக்கம் தண்ணி,” என்றார்.

அவர் சொன்னது சரிதான். அவர்கள் வரிசையில் கூரை ஓடுகளும் குடங்களும்தான் விழுந்தன. எங்கள் வரிசையில் ஒரு வீடு பாக்கியில்லாமல் தரை வெடித்திருந்தது. எங்கள் வீட்டில் அந்த வெடிப்பு தறிக்குழியில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, நிலைப்படிக்கு அடியில் நுழைந்து, நாங்கள் படுக்கும் உள் அறையின் பின்சுவரில் ஏறியிருந்தது. சுண்டுவிரல் நுழையும். டீக்கடை ரேடியோவில் பூமி ஆடியதைப் பற்றி என்னவோ சொன்னார்களாம். எங்கள் தெருவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

இவர் அன்று மாலையே தறிக்குழியைச் செங்கல் வைத்துக் கட்டத் தொடங்கிவிட்டார். குழியைக் கட்டலாம், சுவரை என்ன செய்வது? கொத்தனார் வந்து தட்டிப் பார்த்தார்.

“இப்ப கை வெக்காதீங்க. மழை முடியட்டும், மண்ணு உக்காரட்டும். இப்பவே கட்டினா தையில திரும்ப வெடிக்கும்,” என்றார். “வெடிப்பு மேல ஒரு கை சுண்ணாம்பு அப்பி வையுங்க. சுண்ணாம்பு பிளந்தா செவுரு நவுருதுன்னு அர்த்தம்.”

கொத்தனார் போனதும் இவர், “சுண்ணாம்பு எதுக்கு? நம்ம கிட்ட பட்டு இருக்குது,” என்றார். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆணி, அந்தப் பக்கம் ஒரு ஆணி அடித்து, அரக்குப் பாவில் மிஞ்சிய இழை ஒன்றை நீட்டினார். முடிச்சை நான்தான் போட்டேன். விரலால் சுண்டினால் ‘ணங்’ என்று சொல்லும் அளவுக்கு விறைப்பாக இழுத்துக் கட்டினேன்.

“இது அறுந்துதுன்னு வெச்சுக்கோங்க, அன்னிக்கே நான் அய்யம்பேட்டைக்குப் போயிடுவேன். குழந்தை பொறந்து மூணு மாசம் கழிச்சுதான் வருவேன்,” என்றேன்.

அய்யம்பேட்டை என் பிறந்த வீடு, வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கிறது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அன்று நான் கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னேன். அதற்கு முந்தின வருஷம் என் தலைச்சன் பிள்ளை பிறந்தபோது அழவில்லை. மருத்துவச்சி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், ஊதினாள், அது அழவே இல்லை. அதனால் இந்தப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு காற்றடித்தாலே கதவைச் சாத்துகிறவளாக ஆகிவிட்டேன். வெடித்த சுவருக்குக் கீழே என்னால் படுக்க முடியாது. இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரிமா. இழை இருக்கிற வரைக்கும் இரு,” என்றார்.

அதற்குப் பிறகு காலையில் எழுந்து கோலம் போடுவதற்கு முன்பே உள் அறைக்குப் போய் இழையைப் பார்ப்பேன். விறைப்பாக இருக்கும். உயிர் வந்ததுபோல இருக்கும். புரட்டாசி முழுக்க இப்படியே போயிற்று. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பின்கட்டில் தண்ணீர் நின்றது, கூடத்து வெடிப்பில் ஈரம் கசிந்தது, எதிர்வரிசைக்காரர்கள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். இழை மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தது. சுவர் உட்கார்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

ஆனால் இவர் போக்குதான் எனக்குப் பிடிபடவில்லை. மழை தொடங்கிய வாரத்திலேயே என் பாயை எடுத்துக் கூடத்தில் தறிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார். கேட்டால், “இங்க காத்து வருதுமா,” என்றார். ஐப்பசி மழையில் யாருக்கு வேண்டும் காற்று? அவர் மட்டும் உள் அறையில் போய்ப் படுத்தார். அதற்கும் கேட்டேன். “பட்டு பெட்டி அங்க இருக்குது. எலி வருது,” என்றார். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. போன பிள்ளையை உயிரோடு பெறாதவள் என்று ஒதுக்குகிறாரோ என்று கூடத் தோன்றியது. தறியில் இரண்டு பேரும் முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து நாடா தள்ளினோம், நான் பேசவில்லை. அவர் சுபாவமே பேசாத சுபாவம். ஆக வீட்டில் தறிச் சத்தம் மட்டும்தான்.

ஒருநாள் நடுப்பகலில் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. உள் அறைக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன் வழியாக வெளிச்சம் நேராக விரிசல் மேல் விழுந்திருந்தது. நான் ஏதோ பாத்திரம் எடுக்கப் போனவள், இழையில் ஒரு இடம் சாம்பல் பூத்தாற்போல இருந்ததைப் பார்த்தேன். கிட்டே போய் நகத்துக்கும் விரலுக்கும் நடுவில் வைத்து ஓட்டினேன். ஒரு புடைப்பு தட்டியது. இன்னும் கொஞ்சம் ஓட்டினேன். இன்னொரு புடைப்பு.

இதை வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். பட்டு இழை அறுந்தால் நாங்கள் முடிச்சுப் போடமாட்டோம். விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கிப் பிணைப்போம். எங்கள் அப்பா வீட்டில் ஒரு பாவு முழுக்க நான் உட்கார்ந்து பிணைத்திருக்கிறேன். யார் பிணைத்தது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம். இவருக்கு இடது கைப் பழக்கம். எல்லாரும் ஒரு பக்கம் முறுக்கினால் இவர் மறுபக்கம் முறுக்குவார். சும்மா சொல்லக் கூடாது, நெய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பிணைப்பு மட்டும் எறும்பு முட்டை மாதிரி இருக்கும்.

அந்த இழையில் மூன்று இடத்தில் துண்டு கொடுத்துப் பிணைத்திருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் எறும்பு முட்டை. ஆணியில் இருந்த என் முடிச்சை அவிழ்த்தால் எனக்குத் தெரிந்துவிடும் என்று, அறுந்த இடத்தில் சுவர் விலகின அளவுக்குத் துண்டு வைத்து ஒட்டியிருக்கிறார். சுவர் உட்காரவே இல்லை. மூன்று தரம் நகர்ந்திருக்கிறது.

அன்று சாப்பாடு போட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினேன். அவர் பிசையத் தொடங்கியதும் கேட்டேன்.

“இழை எத்தினி வாட்டி அறுந்துது?”

அவர் கை நின்றது. “இன்னா இழை?”

“எனக்கே காது குத்துறீங்களா? நெசவாளி வூட்டுப் பொண்ணுகிட்ட பிணைச்ச இழையைக் காட்டி ஏமாத்தினது ஊர்லயே நீங்க ஒருத்தராத்தான் இருக்கும்.”

அவர் தலையைத் தூக்கவில்லை. “மூணு வாட்டி,” என்றார்.

“உங்களுக்கு நானும் வேணாம், வயித்துல இருக்கிறதும் வேணாமா? செவுரு உழுந்தா இன்னா பண்ணுவீங்க?”

“அதுக்குதான உன்ன கூடத்துல படுக்க வெச்சேன். செவுத்துல சத்தம் வந்தா எழுப்பலாம்னுதான் நான் அங்க படுத்துக்கினேன்.”

“உங்க மேல உழுந்தா என்னை யாரு எழுப்புவாங்க?”

அவர் பிசைந்த சோற்றை ஒதுக்கி வைத்தார். பிறகு பேசினார். அவர் அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை.

“போன வாட்டி உங்க வூட்லருந்து சைக்கிள்ல ஆள் வந்து சொன்னான். நான் வந்து சேர்றதுக்குள்ள எடுத்துக்கினு போயிட்டாங்க. நான் மூஞ்சியே பாக்கலைமா. ஆணா பொண்ணான்னு கூட உங்க பக்கத்து வூட்டு ஆள கேட்டுதான் தெரிஞ்சுக்கினேன். தலைப் பிரசவம் தாய் வூட்ல, சரி. இது நம்ம வூட்லதான்னு நெனச்சுக்கினு இருந்தேன். நீ போயிட்டா நான் திரும்ப இங்க உக்காந்துக்கினு, தெருவுல எந்த சைக்கிள் மணி அடிச்சாலும் எழுந்து எழுந்து பாக்கணும். அதான் பிணைச்சேன்.”

அந்தப் பிள்ளையை நான் மட்டும்தான் இழந்தேன் என்று அந்த ஒரு வருஷமும் நினைத்திருந்தேன். அவர் அழுது பார்த்ததில்லை. வந்தார், என் தலைமாட்டில் கொஞ்சம் நின்றார், மறுநாள் தறியில் உட்காரப் போய்விட்டார். கல் நெஞ்சு என்று என் அம்மாகூடச் சொன்னாள், நானும் ஆமாம் போட்டேன். அந்தக் கல் நெஞ்சுக்காரர் தட்டின் முன்னால் குழம்புக் கையோடு உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தேன்.

துடைத்துவிட்டுச் சொன்னேன். “அப்ப நீங்களும் வாங்க.”

“எங்க?”

“அய்யம்பேட்டைக்கு. எங்க அப்பா வூட்ல ஒரு தறிக்குழி சும்மாதான் இருக்குது.”

“மாமனார் வூட்ல போய் மாசக்கணக்குல உக்காந்தா தெரு இன்னா சொல்லும்?”

“தெரு சொல்றத சொல்லட்டும். செவுரு சொல்றத கேளுங்க.”

சட்டென்று ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்று பேர் வாங்குவது எங்கள் ஜனங்களுக்குத் தலைகுனிவு. தறியில் சேலை பாதியில் நிற்கிறது, அறுக்கக் கூடாது என்றார். அறுக்க வேண்டாம், அப்படியே சுருட்டிக்கொண்டு போகலாம் என்றேன். அடுத்த நாள் முழுக்கத் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் மாட்டு வண்டிக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

கிளம்புகிற காலையில் இழை நாலாவது தரம் அறுந்து கிடந்தது. பழக்கதோஷம், இவர் கை விபூதித் தட்டுக்குப் போயிற்று. நான் அவரை நகர்த்திவிட்டு, ஒரு துண்டு இழை எடுத்து நானே பிணைத்தேன்.

“போறமே, இப்ப எதுக்குமா?” என்றார்.

“பொய் சொன்னாலும் நறுவிசா சொல்லணும். இப்புடி பிணைக்கணும், பாத்துக்கோங்க.”

அவர் தொட்டுப் பார்த்தார். அவர் விரலுக்குப் பிணைப்பு தட்டவே இல்லை. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அன்றுதான் சிரித்தார். அறுந்த இழையை அப்படியே விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை, அதுதான் நிஜம்.

பாதி நெய்த சேலையையும் பாவையும், இழை கோத்த அச்சுச் சீப்போடு சேர்த்துச் சுருட்டி, துணி சுற்றி, வண்டியில் என் மடிப்பக்கம் வைத்தார். அவர் வண்டியோடு நடந்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது. எதிர்வீட்டுப் பெரியவர் சும்மா இருப்பாரா? “இன்னாப்பா, நீ மாமியார் வூட்டுக்கு வாழப் போறியா?” என்றார். இவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, “ஆமா. நல்லா பாத்துக்கறாங்களான்னு பாக்கப் போறேன்,” என்றார். எனக்கு அந்த மனிதரை அங்கேயே கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அய்யம்பேட்டையில் என் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. குழியைக் கூட்டித் துடைத்துக் கொடுத்தார். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் விடாமல் அடித்த மழையில் ஒரு காலை, வாசலில் சைக்கிள் மணி அடித்தது. இவர் நாடாவைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். முகம் வெளுத்துவிட்டது. நான் பக்கத்திலேயே, முழங்கை இடிக்கிற தூரத்தில், உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். இருந்தும் அந்த மணி அவரை அப்படிச் செய்தது. வந்தது எங்கள் தெரு ஆள். “உங்க உள் ரூமு செவுரு உழுந்துடுச்சு,” என்றான்.

இவர் அந்த ஆளோடு போய்ப் பார்த்துவிட்டு மத்தியானம் திரும்பினார். சுவர் உள்பக்கமாகச் சாய்ந்து, அவர் படுக்கும் இடத்தில் அப்படியே படுத்திருந்ததாம். சுருட்டி வைத்துவிட்டு வந்த அவருடைய பாய் அதற்கு அடியில். இதை எதிர்வீட்டு மருமகள் பிறகு சொல்லித்தான் நான் அறிந்தேன். அவர் அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “உன் இழை அறுந்துடுச்சு,” என்று மட்டும் சொன்னார். பிறகு காலைக் குழியில் விட்டுக்கொண்டு நெய்யத் தொடங்கினார். நானும் நாடாவை எடுத்தேன்.

தை பிறந்து சில நாளில் எனக்கு வலி கண்டது. ஆண்பிள்ளைகள் வாசலைத் தாண்டி வரக் கூடாது என்று என் அம்மா சொல்லிப் பார்த்தாள். இவர் அறைக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கதவிடுக்கில் அவர் வேட்டி நுனி தெரிந்தது. வலி வந்தபோதெல்லாம் நான் அதைத்தான் பார்த்தேன். பகல் சாயும் நேரத்தில் பெண் பிறந்தது. மருத்துவச்சி முதுகில் தட்டக்கூட இல்லை, தெருவுக்கே கேட்கிற மாதிரி அது கத்தியது. என் வாய் அதற்கு வந்துவிட்டது என்று அம்மா சொன்னாள்.

அத்தனை சத்தத்திலும் வெளியிலிருந்து இவர் குரல் மெதுவாகக் கேட்டது. ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

“மூச்சு இருக்குதாமா?”

“இருக்குது,” என்றேன். “உள்ள வந்து மூஞ்சியப் பாருங்க.”